வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் நம் உடல்நலமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தோன்றிய முதல் ஆண்டில், இரவுப் பாடசாலையின் பாயில் அமர்ந்து கணக்குப் படித்த மாணவர்களுள் நானும் ஒருவன். அன்று கற்ற கூட்டலும் பெருக்கலும்தான் இன்று எனக்குச் சோறு போடுகின்றன. பதினெட்டு ஆண்டுகளாக ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இரத்த அணுக்களை எண்ணிவருகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோய்க்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எண்ணுவதே என் தொழில். ஆகவே, எண்ணிக்கையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். இருவரும் நம் பிள்ளைகள். இருவரும் ஒப்பந்தக்காரர் மூலமாக இவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றவர்கள்.

ஒரு நாள் இரவு, முதலாமவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தாள்; கண்களில் நீர். "அண்ணா, வெள்ளையணு பதின்மூவாயிரம் என்று எழுதியிருக்கிறது. எனக்கு இரத்தப் புற்றுநோய்தானே?" என்று கேட்டார். திரைப்படங்கள் அவருக்குக் கற்பித்த மருத்துவம் அவ்வளவே. நான் அவரைப் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. சொத்தைப் பல்லில் சீழ் பிடித்திருந்தது. பல்லுக்கு மருத்துவம் செய்துகொண்டார். பத்து நாளில் எண்ணிக்கை எட்டாயிரத்துக்கு இறங்கியது. அவர் இன்று நலமாக இருக்கிறார்.

இரண்டாமவர் எவர் கதவையும் தட்டவில்லை. வண்ணம் பூசும் பகுதியில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர். வேலைக்குச் சேரும்போது இரத்தம் எடுத்தார்கள்; தாளை அவரிடம் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. பின்னர் ஒரு காய்ச்சலின்போது சோதித்தார்கள்; அந்தத் தாள் சட்டைப் பையிலேயே துவைக்கப்பட்டுக் கூழாயிற்று. அடிக்கடி வாய்ப்புண், ஓயாத சோர்வு, பல் துலக்கினால் இரத்தம். 'இரத்தக் குறைவு' என்று தாமே முடிவுசெய்து, கடையில் சத்து மருந்து வாங்கிக் குடித்தார். இறுதியில் சோதித்தபோது வெள்ளையணுக்கள் ஆயிரத்து இருநூறு. சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அதற்கேற்பக் குறைந்திருந்தன. எலும்பு மச்சை வற்றிவிட்டது என்றார்கள். அவர் இன்று நம்மிடையே இல்லை. அந்த நோய் அவர் செய்த வேலையால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று அவருடைய தாயார் என்னைக் கேட்டார். என்னால் விடை கூற முடியவில்லை; மருத்துவர்களாலும் முடியவில்லை. ஏனெனில், வேலைக்குச் சேர்ந்த நாளில் எண்ணிக்கை எவ்வளவு இருந்தது, எந்த ஆண்டில் குறையத் தொடங்கியது என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை.

முதலாமவர் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினார். இரண்டாமவர் கவலைகொள்ள வேண்டிய நேரத்தில் கவலையின்றி இருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தம் இரத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட தாளைப் படிக்க அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. அதைக் கற்றுத் தருவதே இவ்வுரையின் நோக்கம்.

இரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவு துளியில், ஏறத்தாழ ஐம்பது இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதே துளியில் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை மட்டுமே. வளர்ந்தவர்களுக்கு இது பொதுவான எல்லை. ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் சிறிது மாறும். குழந்தைகளுக்கு இயல்பாகவே இது கூடுதல். இவற்றைத் தவிர, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை உள்ளன. இம்மூன்றும் எலும்புக்குள் இருக்கும் மச்சையில் பிறக்கின்றன.

எப்படி எண்ணுகிறோம்? இன்று பெரும்பாலும் இயந்திரம் எண்ணுகிறது. நான் தொழில் கற்ற முறையைக் கூறுகிறேன். ஒரு பங்கு இரத்தத்தை இருபது பங்காக நீர்க்கச் செய்ய ஒரு திரவம் உண்டு. அதிலுள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துக் கரைத்துவிடும். வெள்ளையணுக்கள் மட்டும் எஞ்சும். கட்டம் கீறிய கண்ணாடியின் மேல் அதை விட்டு, நான்கு மூலைச் சதுரங்களில் உள்ள அணுக்களை எண்ணி, 50ஆல் பெருக்குவோம். 150 அணுக்கள் தென்பட்டால் 7,500 என்று எழுதுவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தாய்மார்கள் கண்ட கணக்கு. ஆய்வுக்கூடமும் அதைத்தான் செய்கிறது.

சில இயந்திரங்கள் 7,500 என்று அச்சிடாமல் 7.5 என்று ஆயிரக் கணக்கில் அச்சிடும். 'ஏழரைதான் இருக்கிறது' என்று பதறி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் சேர்த்துப் படியுங்கள்.

மொத்த எண்ணிக்கை பாதிக் கதையே. வெள்ளையணுக்கள் ஒரே வகையானவை அல்ல, ஐந்து வகைப்பட்டவை. அவற்றுள் எது எத்தனை விழுக்காடு என்பது மீதிக் கதை. சாயமேற்றி இவ்வணுக்களைப் பிரித்துக் காணும் வழியை வகுத்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். கிருமிகளை அணுக்கள் விழுங்கி அழிப்பதைக் கண்டு கூறியவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகோஃப். நோயெதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

முதல் வகை நியூட்ரோஃபில். நூற்றுக்கு 40 முதல் 75 வரை இருக்கும். சீழ் பிடிக்கச் செய்யும் கிருமிகளை எதிர்த்து முதலில் ஓடுவது இதுவே. சீழ் என்று நாம் துடைத்தெறிவதில் பெரும்பகுதி, போரிட்டு மடிந்த இவ்வணுக்களே. இரத்தத்தில் இதன் வாழ்நாள் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரையில்தான். ஆகவே நாள்தோறும் பத்தாயிரம் கோடி என்ற அளவில் எலும்பு மச்சை இதைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மச்சை தளர்ந்தால் எதிர்ப்பு ஆற்றல் எத்தனை விரைவில் சரியும் என்பதை இதிலிருந்து அறியலாம். இரண்டாவது வகை லிம்ஃபோசைட். 20 முதல் 45 வரை. வந்த கிருமியை நினைவில் வைத்திருந்து, மறுமுறை வரும்போது எதிர்ப்பொருளை உண்டாக்குவது இது. மூன்றாவது மானோசைட்; நாட்பட்ட நோய்களில் பணியாற்றும். நான்காவது இயோசினோஃபில்; 1 முதல் 6 வரை; புழுக்களையும் ஒவ்வாமையையும் ஒட்டிக் கூடும். ஐந்தாவது பேசோஃபில், நூற்றுக்கு ஒன்று இருந்தாலே பெரிது.

எண்ணிக்கை கூடினால் என்ன பொருள்? பெரும்பாலும் உடலில் எங்கோ போர் நடக்கிறது என்பதே பொருள். கட்டி, நுரையீரல் அழற்சி, குடல்வால் அழற்சி, தீக்காயம் ஆகியவற்றில் கூடும். கருவுற்ற பெண்களுக்கு நோயின்றியே கூடும். புகை பிடிப்பவர்களுக்கும், கடும் உழைப்புக்குப் பின்னும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டாலும் கூடும். இரத்தப் புற்றுநோயிலும் கூடும். சில வேளைகளில் இலட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்நோயில் எண்ணிக்கை குறைந்திருப்பதும் உண்டு. எனவே ஓர் எண்ணை மட்டும் வைத்து அதை முடிவுசெய்ய முடியாது. சாயமேற்றிய தகட்டில் முதிராத அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்நோய் என்றே முடிவானாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நாள்பட்ட ஒருவகை இரத்தப் புற்றுநோயை, 2001ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை கட்டுக்குள் வைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தால்? டெங்கு, டைஃபாய்டு, வைரஸ் காய்ச்சல்கள் ஆகியவற்றில் குறையும். சில மருந்துகளாலும், உணவில் பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய சத்துகள் இல்லாமையாலும் குறையும். எலும்பு மச்சை பழுதுபட்டாலும் குறையும். மழைக்காலத்தில் விடுதியில் தங்கியுள்ள நம் தங்கைகள் காய்ச்சலோடு வேலைக்குச் செல்கிறார்கள். விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. மருந்துக் கடையில் நான்கு மாத்திரைகள் வாங்கி விழுங்குகிறார்கள். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து இறங்கும் காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடும். டெங்குவுக்கு ஆண்டிபயாட்டிக் பயன் தராது. ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடியவை. பாராசிட்டமால், போதிய நீராகாரம், மருத்துவரின் கண்காணிப்பு ஆகியவையே வழி. 2021 டிசம்பரில் இவ்வட்டாரத்துப் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற நேர்ந்ததையும், தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூட்டமாகத் தங்கும் இடத்தில் ஒருவர் உடல்நலம் எல்லோர் கவலையும் ஆகும்.

விழுக்காட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒருவருக்கு நியூட்ரோஃபில் 50 விழுக்காடு; இயல்பானதாகவே தோன்றும். ஆனால் மொத்த எண்ணிக்கை 900 என்றால், நியூட்ரோஃபில் 450தான். அது 500க்குக் கீழே போனவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. மொத்தத்தை விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுங்கள். இரவுப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு இது.

இந்த எளிய கணக்கு எத்தனை உயிர்களுக்கு விடுதலை தந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் காசநோய் மருத்துவமனை இருந்தது. காசநோய் என்று கருதப்பட்டவர்கள் சிலருக்கு இரவில் இருமல், மூச்சுத் திணறல், எடைக் குறைவு, மார்புப் படத்தில் நிழல்கள் எல்லாம் இருந்தன; ஆனால் காசக் கிருமி இல்லை. அவர்களுடைய இரத்தத்தில் இயோசினோஃபில் அளவுக்கு மீறி இருந்தது. இது காசநோய் அன்று, காசநோய் போலத் தோன்றும் வேறொரு நோய் என்று 1940இல் ஃப்ரிமோட்-மோல்லர், பார்ட்டன் ஆகிய இரு மருத்துவர்கள் எழுதினார்கள். 1943இல் வெயின்கார்டன் என்பவர் 'வெப்பமண்டல இயோசினோஃபிலியா' என்று அதற்குப் பெயர் சூட்டினார். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே இதன் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. டி.இ.சி. மாத்திரையால் குணமாகக்கூடிய நோய் இது. மொத்த எண்ணிக்கை 12,000, இயோசினோஃபில் 40 விழுக்காடு என்றால் 4,800 ஆகிறது. இயல்பாக இருக்க வேண்டியது 500க்குள். காசநோயாளி என்று ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவரை, தகட்டின் மேல் எண்ணிய நூறு அணுக்கள் மீட்டுத் தந்தன. ஒதுக்கப்படுவதன் வேதனையை அறிந்த நம் மக்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நான் தொடக்கத்தில் கூறிய இரண்டாவது தம்பியை நினைவில் கொண்டு, நம் வட்டாரத்துக்கே உரிய செய்திக்கு வருகிறேன்.

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010 முதல் ஒரகடம் வட்டாரத்தில் பெரிய ஆலைகள் எழுந்தன. ஏரும் மண்வெட்டியும் பிடித்த வீட்டுப் பிள்ளைகள் சீருடை அணிந்து பேருந்தில் ஏறுகிறார்கள். இதை நான் வரவேற்கிறேன். பிறர் நிலத்தில் கைகட்டி நின்ற நிலை மாறி, மாதக் கூலி பெறும் நிலை வந்தது நமக்குப் பெரிது. ஆனால் வண்ணம், தின்னர், பசை, கரைப்பான் ஆகியவற்றோடு நாள் முழுதும் பழகுவோர் ஓர் உண்மையை அறிய வேண்டும்.

பென்சீன் என்று ஒரு பொருள் உண்டு. பெட்ரோலில் அது சிறிதளவு கலந்திருக்கும். தரமற்ற தின்னரிலும் பசையிலும் கலந்திருக்கக்கூடும். மூச்சு வழியாக உட்செல்லும். தோல் வழியாகவும் ஊடுருவும். நாள்பட அது எலும்பு மச்சையைத் தாக்கும். 1897இல் ஸ்வீடன் நாட்டில் மிதிவண்டி டயர் ஆலையில் வேலை செய்த இளம் பெண்கள் சிலர், இரத்தம் ஊறாமல் இறந்ததைச் சாண்டெஸ்ஸன் என்னும் அறிஞர் பதிவு செய்தார். அவர்கள் ரப்பரைக் கரைக்கப் பயன்படுத்தியது பென்சீன். துருக்கியில் முஸாஃபர் அக்சாய் என்னும் மருத்துவர், பென்சீன் கலந்த பசையால் காலணி ஒட்டிய தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடியதை 1974இல் எடுத்துக்காட்டினார். காலணித் தொழிலாளர்கள் என்று கேட்டவுடன் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலோடும் பசையோடும் வாழ்நாளைக் கழித்த நம் உறவினர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய இரத்தத்தை அன்று யார் எண்ணினார்கள்?

இங்குள்ள ஆலைகள் எல்லாம் அப்படிப்பட்டவை என்று நான் கூறவில்லை. ஆதாரமின்றிக் கூறுவது எண்ணும் தொழிலுக்கு இழுக்கு. நான் கூறுவது, ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும் என்பதே. பென்சீன் நஞ்சின் முதல் அறிகுறிகளுள் ஒன்று வெள்ளையணுக்கள் மெல்ல மெல்லக் குறைவது. ஏழாயிரம் இருந்தவருக்கு ஐயாயிரம், பின்னர் நாலாயிரத்து இருநூறு என்றால், ஒவ்வொரு தாளும் தனித்தனியே 'இயல்பு' என்றே சொல்லும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சரிவு தெரியும். ஒரு தாள் பேசாது. தொடர்ச்சியான தாள்கள் பேசும்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. போபால் கொடுமைக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழிலில் நச்சுப் பொருள்களோடு பழகும் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் பேண வேண்டும், தொழிலாளர் அதைப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்று அது கூறிற்று. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் அக்கடமை தொடர்கிறது. பென்சீன் நச்சு, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலிலும் உள்ளது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில்தான், தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்கான அதார்க்கர் அறிக்கை 1944இல் அளிக்கப்பட்டது. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. அதன் பயன் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டு. உங்கள் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகை அதற்குத்தான். காய்ச்சலில் கடை மாத்திரை விழுங்குவோர், தம் பணத்தைக் கட்டிவிட்டுத் தம் உரிமையைக் கைவிடுகிறார்கள்.

இளைஞர்களே! உங்களிடம் நான் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, எங்கே இரத்தம் கொடுத்தாலும் தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, அதில் நாளையும், அன்று உங்களுக்குக் காய்ச்சலோ புண்ணோ இருந்ததா என்பதையும், உண்ட மருந்தையும் உங்கள் கையால் எழுதி வையுங்கள். மூன்றாவது, தின்னராலும் பெட்ரோலாலும் கை கழுவாதீர்கள், சோப்பு போதும். தரப்படும் முகக் காப்பை அணியுங்கள், தராவிட்டால் கேளுங்கள். நான்காவது, எண்ணைக் கண்டு நீங்களே நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள். வெள்ளையணு என்பது கதவைத் தட்டும் ஓசை, வந்திருப்பவர் யார் என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாவது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், காரணமின்றித் தோலில் தோன்றும் நீலத் தழும்பு, ஈறுகளில் இரத்தம், ஆறாத வாய்ப்புண் ஆகியவை இருந்தால் சத்து மருந்தை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சங்கத்தின் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறை வழங்குங்கள். அதில் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருப்பதுபோல் இரத்தப் பரிசோதனைத் தாளும் இருக்கட்டும். எழுத்து நமக்கு மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய தாளைப் பிறரே படித்துப் பிறரே தீர்ப்புக் கூறினார்கள். இன்று நம் இரத்தத்தைப் பற்றி எழுதிய தாளை நாமே படிக்க வல்லவர்களாகிவிட்டோம். படிக்கக் கற்ற பின்னும் அதைக் கசக்கி எறிவோமானால், இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் எரித்த விளக்கின் எண்ணெய் வீணாகும்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு என்னால் விடை கூற முடியவில்லை. இனி இவ்வூரில் எந்தத் தாயாவது அப்படிக் கேட்க நேர்ந்தால், விடை கூறுவதற்குத் தாளாவது இருக்கட்டும்.